வாய் பிளந்த படகு: மோக்கென் மக்கள் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

அந்தமான் கடலின் கிழக்குக் கரையில், மியான்மரின் மெய்க் தீவுக்கூட்டத்திலும் தாய்லாந்தின் சுரின் தீவுகளிலும், படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் மோக்கென் மக்கள். அவர்களைப் பற்றி இம்மாதம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: மோக்கென் மக்களின் பூர்வீகம் எது? எத்தனை காலமாகப் படகில் வாழ்கிறார்கள்?

ப: எழுத்து வைத்துக்கொள்ளாத மக்கள் அவர்கள். கல்வெட்டும் இல்லை, ஓலைச்சுவடியும் இல்லை. மண்ணைத் தோண்டிப் பார்க்கலாம் என்றால், அவர்கள் விட்டுச் சென்றவை மரமும் ஓலையும் பிரம்பும்தான். மழைக்காட்டுத் தீவுகளில் அவை சில ஆண்டுகளில் மக்கி மண்ணாகிவிடும். எனவே பூர்வீகத்தைத் தேட நமக்கு மிஞ்சும் வலுவான சான்று மொழி.

மோக்கென் மொழி ஆஸ்ட்ரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐந்து என்பதற்கு மோக்கென் மொழியில் ‘லெமா’ என்பார்கள். மலாயில் ‘லீமா’, பிலிப்பைன்ஸின் தகலோகில் ‘லீமா’, ஹவாய்த் தீவுகளிலும் ‘லீமா’, ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கரில் ‘டிமி’. இந்தக் குடும்பத்தின் மூதாதையர் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் தைவானிலிருந்து தெற்கே கடல் வழியாகப் பரவத் தொடங்கினார்கள் என்பது மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் முடிவு. மோக்கென் மக்களின் மொழியும் அந்தப் பரவலில் வந்ததுதான்.

இங்கே ஒரு பிழையைத் திருத்த வேண்டும். ‘மலாய்க்காரர்களிலிருந்து பிரிந்து கடலுக்குப் போனவர்கள்’ என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். மோக்கென் மொழியும், கரையோரத்தில் குடியேறிவிட்ட அவர்களின் உறவினரான மோக்லென் மக்களின் மொழியும் சேர்ந்து தனிக் கிளை. மலாய் மொழி அவர்களுக்குத் தாய் அல்ல, உறவு மட்டுமே. புக்கெட், லந்தா, லீபே தீவுகளில் வாழும் ஊராக் லாவோய் மக்கள் பேசுவதுதான் மலாய்க்கு மிக நெருங்கிய மொழி. தாய்லாந்தில் மூன்று கூட்டத்தாரையும் சேர்த்து ‘சாவ் லே’, அதாவது கடல் மக்கள், என்று ஒரே பெயரில் அழைப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. மியான்மரில் இவர்களை ‘சலோன்’ என்பார்கள்.

வெளியார் குறிப்புகள் கணிசமாகக் கிடைப்பது 1826-இல் யாண்டபோ உடன்படிக்கைப்படி தெனாசரிம் கரை ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகுதான். 1890-இல் ஜான் ஆண்டர்சன் இவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களைத் தேடித் தீவு தீவாகப் போனவர், மெர்குயியில் (இன்றைய மெய்க்) இருந்த பாதிரியார் வால்டர் கிரேஞ்ச் வைட்.

அவர்கள் தங்கள் பிறப்பை எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். சிபியான் என்று ஒரு ராணி. காமான் என்ற மலாய்க்காரன் கடல் கடந்து வருகிறான். அரிசியும் அவனோடு வருகிறது. ராணிக்குக் கணவனானவன், அவளுடைய தங்கை கென் மீது ஆசை வைக்கிறான். துரோகம் தெரிந்த ராணி, கென்னும் அவளைச் சேர்ந்தவர்களும் கடலில் மூழ்கட்டும் என்று தண்டனை விதிக்கிறாள். மூழ்குவதற்கு அவர்கள் சொல் ‘லெமோ’. லெமோ கென், மூழ்கிய கென். அதுவே மருவி மோக்கென் ஆயிற்று என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இதைச் சாபக் கதை என்று மட்டும் படிக்கக் கூடாது என்பது எங்கள் எண்ணம். அரிசி, அரசு, வெளியூர் மாப்பிள்ளை மூன்றும் ஒன்றாகக் கரையேறிய நாளில் தாங்கள் கடலுக்குப் போனோம் என்கிறது கதை. அடிமை பிடிக்க வந்தவர்களிடமிருந்தும் வரி கேட்க வந்தவர்களிடமிருந்தும் தீவு தீவாக விலகிப் போன மக்கள் அவர்கள். நிலம் கிடைக்காததால் கடலுக்குப் போனார்கள் என்பதைவிட, நிலத்தோடு வரும் கட்டுகளை வேண்டாம் என்றார்கள் என்று கொள்வதே பொருந்துகிறது. பல ஆண்டுகள் அவர்களோடு இருந்து ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் ழாக் இவானோஃபும் ஏறக்குறைய இந்த முடிவுக்குத்தான் வருகிறார்.

கே: சோழர் படையெடுப்பில் போய்த் திரும்பாத மாலுமிகளின் வழித்தோன்றல்களே மோக்கென் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?

ப: இல்லை. அவர்கள் மொழியின் அடித்தளத்தில் தமிழின் தடம் இல்லை. எண்கள், உடலுறுப்புகள், உறவுமுறை எல்லாம் ஆஸ்ட்ரோனேசியச் சொற்கள். முதலாம் ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பு ஏறத்தாழ 1025-இல். அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மொழிக் குடும்பம் அந்தக் கடல்களில் பரவிவிட்டது.

ஆனால் அந்தக் கரைக்கும் தமிழுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுரின் தீவுகளுக்குத் தென்கிழக்கே, பெருநிலத்தில் தகுவாபா என்ற ஊர் வட்டாரத்தில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் அடைக்கலத்தில் வைத்ததாக அது சொல்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலம் இந்தத் தகுவாபாதான் என்று கருதுவோரும் உண்டு. தமிழ் வணிகர்கள் அந்தக் கரைக்கு வந்து போனார்கள், தங்கினார்கள், குளம் வெட்டினார்கள். அது ஒரு வரலாறு. மோக்கென் மக்களின் வரலாறு வேறொன்று. இரண்டையும் கலந்தால் இரு தரப்புக்கும் அநியாயம்.

கே: அவர்களின் படகு எப்படிக் கட்டப்படுகிறது? நான் தச்சு வேலை தெரிந்தவன். விவரமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

ப: படகின் பெயர் காபாங். 7 முதல் 11 மீட்டர் வரை நீளம். அடிப்பகுதி ஒரே மரத்தைக் குடைந்தது. நம் ஊர் வத்தை, வள்ளம் போலத்தான் அதுவரை. வித்தியாசம் பக்கச் சுவரில் இருக்கிறது.

கட்டும் காலம் தென்மேற்குப் பருவமழைக் காலம், மே முதல் அக்டோபர் வரை. அப்போது கடல் கொந்தளிக்கும். குடும்பங்கள் தீவின் காற்று மறைவான பக்கம் கரையேறிக் குடிசை போட்டிருப்பார்கள். மரம் தேடுவதும் குடைவதும் அந்த மாதங்களில். முதலில் நெடுக நேராக வளர்ந்த, உள்ளே பொந்து விழாத மரம் வேண்டும். வெட்டுமுன் மரத்தின் ஆவியிடம் அனுமதி கேட்டுப் படையல் வைப்பார்கள். மரம் விழுந்த இடத்திலேயே வெளிப்புற உருவத்தைச் செதுக்கி, உட்புறத்தையும் ஓரளவு குடைந்துவிடுவார்கள். முழுக் கட்டையைக் காட்டுச் சரிவில் இழுத்து வருவதைவிடக் குடைந்ததை இழுப்பது பாதி பாரம். மீதி வேலை கடற்கரையில்.

அடுத்தது மரத்தை விரிப்பது. குடைந்த மரம் இயல்பிலேயே குறுகலாக இருக்கும். அப்படியே கடலில் விட்டால் உருளும். அதனால் தீ மூட்டி, மரத்தைச் சூடாக்கி, இளகிய நேரத்தில் குறுக்குக் கட்டைகளைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்க வேண்டும். ஓடாவி ஒருவர் கைத்திறமை முழுவதும் தெரியும் கட்டம் இதுதான். சுவரின் கனம் இருபுறமும் ஒன்றாக இல்லாவிட்டால் மெல்லிய பக்கம் மட்டும் அகலும், படகு ஒருச்சாய்ந்துவிடும். சூடு ஏறுமுன் அவசரப்பட்டு விரித்தால் முனைகளில் இழையோடு பிளக்கும், ஏனென்றால் முனையில்தான் மரம் மிகக் குறைவாக வளையும். சூடு மிஞ்சினால் உட்புறம் கருகி, பிறகு அந்த இடம் முதலில் உளுக்கும். விரித்தது ஆறி இறுகும்வரை குறுக்குக் கட்டைகளை எடுக்கக் கூடாது; எடுத்தால் மரம் பழைய வடிவத்துக்கே சுருங்கப் பார்க்கும்.

இப்போது பக்கச் சுவர். பழைய காபாங்கில் பலகையே கிடையாது. சாலாக் இனத்தைச் சேர்ந்த முட்பனை ஒன்று அந்தக் காடுகளில் வளர்கிறது. தாய்லாந்தில் ‘ரகம்’ என்பார்கள். அதன் இலைக்காம்பு நெட்டி போல இலேசானது, உள்ளே பஞ்சு போன்ற சோறு. முள்ளைச் சீவி, காய வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடையாக அடுக்கி, மர முளைகளால் கோத்து, பிரம்பால் இறுக்கிக் கட்டுவார்கள். ஆணி கிடையாது. தண்ணீர் பட்டதும் காம்புகள் ஊறிப் பருத்து இடுக்குகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். குடைந்த மரமும் காம்புச் சுவரும் சேரும் இடத்தில் மட்டும் பட்டையைத் திணித்துக் குங்கிலியம் பூசிக் கலப்பத்து அடிக்க வேண்டும். ஒழுக்கு பெரும்பாலும் அந்தப் பொருத்தில்தான் ஆரம்பிக்கும்.

இந்தச் சுவரின் பெரிய நன்மை, அலை புகுந்து படகு நிறைந்தாலும் அது மிதப்பதுதான். குறையும் உண்டு. காம்புகள் சில மாதங்களில் நைந்துபோகும். வெயிலில் வெகுநாள் கரையில் கிடந்தால் சுருங்கி இடைவெளி விடும். ஆகவே அடிமரம் பல ஆண்டு உழைக்கும். சுவரை அடிக்கடி மாற்றியே ஆக வேண்டும். தொடர்ந்து தீவுக்குத் தீவு போகிறவர்களுக்கு இது தொல்லை இல்லை, ஏனென்றால் அடுத்த தீவிலும் முட்பனை இருந்தது. ஒரே இடத்தில் உட்காரச் சொன்னபோதுதான் தொல்லையாயிற்று. கடந்த சில பத்தாண்டுகளில் பலகைச் சுவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பலகை நீடித்து உழைக்கும், மோட்டார் அதிர்வையும் தாங்கும். ஆனால் கனம் கூடும். நிறைந்தால் முன்போல மிதக்காது.

மேல்தளம் பிளந்த மூங்கில், தூக்கி எடுக்கக்கூடியது. அதன் அடியில்தான் சாமான்கள். கூரை பனையோலை தைத்த கீற்று; காற்று மாறினால் கழற்றிச் சுருட்டலாம். பாய் தாழை ஓலையில் முடைந்தது. காற்றில்லாதபோது துடுப்பு, பெண்களும் சமமாகத் துடுப்புப் போடுவார்கள்.

அணியத்திலும் அமரத்திலும், இரு முனையிலும், ஆழமாக ஒரு பிறை வெட்டு இருக்கும். காபாங்கை வேறெந்தப் படகோடும் குழப்பிக்கொள்ள முடியாதபடி செய்வது அந்த வெட்டுதான். நடைமுறையில் அது படி. கடலில் குதித்தவர் கால் வைத்து ஏறுவதற்கும், கரையில் படகைத் தோள் கொடுத்துத் தூக்குவதற்கும் தோது. ஆனால் அவர்களுக்குப் படகு ஓர் உடல். அதற்கு வயிறு, கழுத்து, கன்னம், தோள், விலா எல்லாம் பெயரோடு உண்டு. முன்வெட்டு வாய், பின்வெட்டு கழிவிடம். முன்னால் உண்பது பின்னால் போய்விடும். எதையும் சேர்த்து வைக்காத உடல். சிபியான் ராணி கதையோடு இந்த வெட்டையும் இணைத்துச் சொல்வார்கள்.

கே: படகில் சமைப்பதும் குடிநீரும் எப்படி?

ப: தளத்தில் மண் பரப்பிய அடுப்பு. மண் கனமாக இல்லாவிட்டால் சூடு மூங்கிலுக்கு இறங்கிவிடும். குடிநீர் தீவுகளின் ஓடைகளிலிருந்து. எந்தத் தீவில் கோடையிலும் ஓடை வற்றாது என்பது தெரிந்தால்தான் பயணமே போட முடியும். நீரில்லாத தீவில் இரவு தங்கலாம், முகாம் போட முடியாது. ஒரு காபாங் என்பது ஒரு குடும்பம். மணமான தம்பதிக்குத் தனிப்படகு. உறவுக்காரர்களின் படகுகள் கூட்டமாகச் சேர்ந்து பயணம் போகும். வயதில் மூத்த ஒருவர் தலைமை.

கே: மீன்பிடித்து விற்றுத்தானே பிழைத்தார்கள்? வலை எப்படிப்பட்டது?

ப: வியப்பாக இருக்கும், ஆனால் அவர்களின் மரபில் வலைக்கு இடம் மிகக் குறைவு. எறியீட்டியும் கையும்தான். படகின் முனையில் நின்று ஈட்டி எறிவது ஆண்கள் வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும்; பவளப்பார் வெளியே தெரியும். அந்தச் சில மணி நேரத்தில் பெண்களும் குழந்தைகளும் சிப்பி, நத்தை, நண்டு பொறுக்குவார்கள். காட்டில் கிழங்கு தோண்டுவார்கள். சுரின் தீவு மோக்கென் மக்கள் உணவுக்கு மட்டும் 80-க்கும் மேற்பட்ட தாவரங்களை அறிந்திருந்தார்கள்.

அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு எடுத்தார்கள். விற்பனைக்கு எடுத்தது வேறு: கடல் அட்டை, முத்துச்சிப்பி ஓடு, ஆமை ஓடு, அம்பர், பறவைக்கூடு, தாழம்பாய். பதிலுக்கு அரிசி, துணி, இரும்புக் கருவி, கூடவே அபினும். இடையில் நின்றவர் தவுக்கே. மலேசியத் தமிழர்களுக்குப் பழகிய சொல்தான். சீனரோ மலாய்க்காரரோ ஆன இந்த வணிகர்கள் முன்பணமாக அரிசி கொடுத்து, பருவம் முழுவதும் கிடைப்பதை வாங்கிக்கொள்வார்கள். சிலர் மோக்கென் பெண்ணை மணந்து கூட்டத்துக்கு மாப்பிள்ளையாகவும் ஆனார்கள். காமான் கதையை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கடல் அட்டை பதப்படுத்துவதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. பிடித்ததும் கீறிக் குடலை நீக்கிவிட்டு வேகவைக்க வேண்டும். வெந்ததும் மேல்தோலில் இருக்கும் சுண்ணாம்புப் படிவம் போக மணலில் புதைத்தோ தேய்த்தோ எடுத்து, மறுபடி அவித்து, வெயிலிலோ புகையிலோ உலர்த்துவார்கள். முதல் அவிப்பில் நேரம் போதாவிட்டால் நடுப்பகுதி ஈரம் தங்கி அழுகும். கூடிவிட்டால் தோல் வெடித்துப் பாதி விலைக்கும் போகாது. புதிதாக எடுத்ததன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் கடைசியில் மிஞ்சும். உலர்ந்தது ஈரம் படாமல் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. தவுக்கே வருகிற நாள்வரை படகில் வைத்திருக்கக்கூடிய சரக்கு இது, மீன் அப்படியில்லை.

கே: மோக்கென் குழந்தைகளுக்கு நீருக்கடியில் கண் தெரியும், அவர்களின் மண்ணீரல் பெரியது என்றெல்லாம் படித்தேன். பிறவியிலேயே அப்படியா?

ப: இரண்டு வெவ்வேறு மக்களைப் பற்றிய இரண்டு ஆய்வுகள் உங்கள் கேள்வியில் கலந்துவிட்டன.

மண்ணீரல் பற்றியது 2018-இல் வந்த ஆய்வு, இந்தோனேசியாவின் சுலவேசி தீவில் வாழும் பஜாவ் மக்களைப் பற்றியது. பக்கத்து நிலமக்களான சலுவான் மக்களைவிட அவர்களின் மண்ணீரல் ஏறத்தாழ 50 சதவீதம் பெரிது. மூச்சடக்கும்போது மண்ணீரல் சுருங்கி, பிராணவாயு சுமக்கும் சிவப்பணுக்களை இரத்தத்தில் விடும். முங்காத பஜாவ் மக்களுக்கும் அது பெரிதாகவே இருந்ததால் பரம்பரைக் காரணம் என்றார்கள். பிலிப்பைன்ஸ், சபா, கிழக்கு இந்தோனேசியா எங்கும் பரவிய பஜாவ் மக்களுக்கு லெப்பா என்ற வேறு வகை வீட்டுப்படகு உண்டு, வரலாறும் வேறு. ரியாவ், ஜொகூர் பக்கத்து ஓராங் லாவுட் மக்கள் மூன்றாவது கூட்டம். மலாக்கா, ஜொகூர் சுல்தான்களுக்குக் கடற்படையாக இருந்தவர்கள். மோக்கென் எந்த அரசுக்கும் அப்படிப் படையானதில்லை.

கண் பற்றிய ஆய்வுதான் மோக்கென் குழந்தைகளுடையது. ஸ்வீடனைச் சேர்ந்த அன்னா கிஸ்லேன் குழுவினர் 2003-இல் வெளியிட்டது. நீருக்குள் நம் கண் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம், விழிவெண்படலத்தின் முன்பக்கம் காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்ததும் ஒளியை வளைக்கும் அதன் ஆற்றல் அநேகமாக முழுதும் போய்விடுவது. கண்ணின் மொத்த ஆற்றலில் அது மூன்றில் இரண்டு பங்கு. மோக்கென் குழந்தைகள் இதை இரண்டு வழிகளில் ஈடுகட்டுகிறார்கள். கண்மணியை 1.96 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருக்குகிறார்கள். ஒப்பிட்ட ஐரோப்பியக் குழந்தைகளுக்கு 2.5 மில்லிமீட்டர். கூடவே கண்ணின் வில்லையை எல்லைவரை குவிக்கிறார்கள். இரண்டும் சேர, ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கும் சற்று மேல் நுணுக்கமாக அவர்களால் பார்க்க முடிந்தது.

இது பிறவியா பழக்கமா என்றால், பழக்கமே பெரும்பங்கு என்று தெரிகிறது. பின்னர் ஸ்வீடன் குழந்தைகளுக்கு ஒரு மாதத்தில் 11 முறை பயிற்சி கொடுத்தபோது அவர்களும் அந்த அளவை எட்டினார்கள். வயது ஏற ஏற வில்லை கெட்டிப்படுவதால் இந்தத் திறன் குறையும். பெரியவர்கள் மேலிருந்து ஈட்டி எறிவதும், நீருக்கடியில் பொறுக்குவது பிள்ளைகள் வேலையாக இருப்பதும் தற்செயல் அல்ல.

கே: 2004 சுனாமியில் அவர்கள் தப்பியது எப்படி? அந்த அறிவை நம் கரையிலும் சொல்லிக் கொடுக்கலாமே?

ப: ‘லபூன்’ என்ற ஆளுண்ணும் அலை பற்றிய கதை அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அது வருமுன் கடல் வற்றும் என்பது கதையின் பகுதி. 2004 டிசம்பர் 26 காலையில் சுரின் தீவில் வேளையற்ற வேளையில் கடல் உள்வாங்கியதைப் பார்த்த பெரியவர்கள் எல்லாரையும் மேட்டுக்கு விரட்டினார்கள். குடியிருப்புகள் அழிந்தன, இருநூறு பேர் அளவிலான அந்தச் சமூகம் ஏறத்தாழ முழுதாகத் தப்பியது. ஆழ்கடலில் இருந்தவர்கள் கரைக்கு வராமல் இன்னும் ஆழத்துக்குப் போனார்கள். அது சரியான முடிவு. ஆழத்தில் அந்த அலை உயரமாக எழாது.

ஆனால் நம் கரைக்கு அப்படியே பொருத்தினால் ஆபத்து. நிலநடுக்கத்தில் பிளவு நடந்த கோட்டுக்குக் கிழக்கே கடல்தரை தாழ்ந்தது, மேற்கே உயர்ந்தது. எனவே தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் வற்றியது. இந்திய, இலங்கைக் கரைகளுக்கு முதலில் வந்து சேர்ந்தது எழுந்த அலை. வற்றினால் ஓடு என்பது சரி. வற்றவில்லை, ஆகவே பயமில்லை என்று இருந்துவிடுவது உயிருக்கே உலை. நெடுநேர நில அதிர்வோ அரசு எச்சரிக்கையோ வந்தால் கடல் எப்படி இருக்கிறது என்று பார்க்கவே போகக் கூடாது.

கே: இன்னமும் படகில் வாழ்கிறார்களா?

ப: முழு ஆண்டும் காபாங்கில் வாழும் குடும்பங்கள் இன்று அநேகமாக இல்லை. சொகுசு தேடிக் கரையேறினார்கள் என்று எழுதுவோருக்கு எங்கள் மறுப்பு உறுதியானது. நடந்தது வேறு.

சுரின் தீவுகள் 1981-இல் தேசியப் பூங்கா ஆயின. பூங்காவில் மரம் வெட்டக் கூடாது. காபாங்கின் அடிமரம் பெரிய மரம் இல்லாமல் ஆகாது. விற்பனைக்குச் சிப்பியும் கடல் அட்டையும் எடுக்கவும் தடை. மியான்மர் பக்கம் லாம்பி தீவு 1996-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. இடையே நாட்டின் எல்லை. எந்த நாட்டு அடையாளச் சீட்டும் இல்லாதவருக்கு நேற்றுவரை உறவினர் முகாம் இருந்த தீவு இன்று வெளிநாடு. இழுவைப் படகுகளும் வெடி வைத்து மீன்பிடிப்போரும் பவளப்பார்களைக் கெடுத்தார்கள். இப்படி மரம், சரக்கு, வழி மூன்றும் போன பின் படகு எதற்கு?

காட்டைக் காப்பது தேவைதான். ஆனால் ஆண்டுக்குச் சில மரங்களை, அதுவும் வெட்டுமுன் அனுமதி கேட்டு எடுத்த மக்களையும், வணிகத்துக்கு வெட்டியவர்களையும் ஒரே விதியில் அடக்கியது தவறு. ஒரு தலைமுறை மரம் விரிக்காவிட்டால் சூட்டின் பதம் யாருக்கும் தெரியாமல் போகும். புத்தகத்தில் படித்துப் பழகும் வேலை அல்ல அது.

சுனாமிக்குப் பின் சுரின் மக்களை ஒரே விரிகுடாவில், ஆவ் போன் யாய் என்ற இடத்தில், வரிசை வரிசையாகக் குடிசை கட்டி அமர்த்தினார்கள். முன்பு ஆங்காங்கே சிதறி, கடலைப் பார்த்து, நீருக்கு மேலேயே கால் ஊன்றி நிற்கும் குடிசைகள். புதியவை நெருக்கமானவை, எல்லாம் ஓலையும் மூங்கிலும். 2019 பிப்ரவரியில் பிடித்த தீ குடியிருப்பின் பெரும்பகுதியை எரித்தது. ஓலைக்கூரைக்கு இடைவெளிதான் பாதுகாப்பு. தாய்லாந்து அமைச்சரவை 2010 ஜூன் 2 அன்று சாவ் லே மக்களின் குடியிருப்பு, மீன்பிடி உரிமை, குடியுரிமை ஆகியவற்றை மீட்டுத் தர ஒரு தீர்மானம் போட்டது. பலருக்கு அடையாள அட்டை கிடைத்தது. எல்லாருக்கும் அல்ல.

கே: அங்கே சுற்றுலா போகலாமா? அவர்களை எப்படி அழைப்பது மரியாதை?

ப: மோக்கென் என்றே அழையுங்கள். ‘கடல் ஜிப்சி’ வெள்ளைக்காரர் வைத்த பெயர்.

பூங்கா அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரை திறந்திருக்கும். பருவமழை மாதங்களில் மூடிவிடுவார்கள். பாங் ஙா மாநிலத்தின் குராபுரி துறையிலிருந்து படகு. கடல் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். குடியிருப்புக்குள் போனால் குடிசைக்குள் எட்டிப் பார்ப்பதும், குழந்தைகளைக் காசு கொடுத்து நீரில் முங்கச் சொல்வதும் வேண்டாம். சிப்பி, பவளம் எதையும் வாங்காதீர்கள், மாட்டிக்கொள்வது விற்றவரும்தான். வாங்க நினைத்தால் தாழை ஓலைப் பின்னலோ, அவர்களே செதுக்கும் சின்னக் காபாங்கோ வாங்கலாம். காசு கொடுக்குமுன் இரு முனையையும் திருப்பிப் பாருங்கள். முன்னாலும் பின்னாலும் பிறை வெட்டு இருக்க வேண்டும்.